மெழுகுத் தோடு

அருங்காட்சியகத்தின் பின்னறை மேசையில் பல தேசத்துப் பழங்காலக் காதணிகள் கிடந்தன. பச்சைக்கல் வளையம், தந்தக் குண்டலம், கண்ணாடி மணி கோத்த தொங்கட்டான். அவற்றைத் துடைத்துச் சீராக்குகிறவள் கடைசியாகக் கையில் எடுத்தது, ஒரு குழந்தையின் கல்லறையில் கிடைத்த ஜோடித் தோடு.

ஒன்று பஞ்சாக லேசாக இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்ததும் குட்டு உடைந்தது. கனமான தோடு அசல் பொன். மற்றது மெழுகின்மேல் சுற்றிய மெல்லிய தங்கத் தகடு.

"அந்தக் காலத்துத் தட்டானே காதுல பூ சுத்தியிருக்கான் பாரேன்!" என்று சிரித்தார் படம் பிடிக்க வந்தவர்.

அவள் சிரிக்கவில்லை. மெழுகுத் தோட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பல் தடம் இருந்தது. கடித்துப் பதிந்ததல்ல, ஊசிமுனையால் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது.

"ஏமாத்துறவன் பல் தடத்தை எதுக்குண்ணா செதுக்கணும்? குழந்தை கடிச்ச அசல் தோட்டை அவ அம்மா எடுத்து வச்சுக்கிட்டா. பிள்ளைய மூளிக் காதோட அனுப்ப மனசு வரல. அதே மாதிரி ஒண்ணு செஞ்சு போட்டுட்டா."

"கூட இருந்து பாத்த மாதிரி சொல்றியே!"

அவள் கூந்தலை ஒதுக்கினாள். இடது காதில் அவளுடைய கம்மல். வலது காதில் பயறு அளவில் ஒரு குழந்தைக் கம்மல். அவர் கேமராவைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணு ஒத்தைக் கம்மலோடதான் போனா. எனக்கு இது தோணலியேண்ணா."