இருக்கையில் இல்லாத தேர்வர்

நான் 'தொடங்கு' பொத்தானை அழுத்தியதும் கல்யாண மண்டபத்தின் ஒலிபெருக்கியில் மணி அடித்தது. உட்கார்ந்திருந்த ஒருங்கிணைப்பாளர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். தேசிய கீதத்துக்குக்கூட அவ்வளவு ஒற்றுமையாக யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்தவர்கள் சும்மா நிற்கவும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜை வரிசைகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார்கள். செங்கல்பட்டு பாலசுப்ரமணியன் சார், புதுப்பட்டினம் ஷபானா டீச்சரின் மேஜையருகே நின்று, அவருடைய செல்போனை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஷபானா டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. அவர் வேறொரு வரிசையில் குனிந்து, காலி நாற்காலிக்கு அடியில் பிட்டு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் இருந்த பெரிய திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பச்சை மறைந்து சிவப்பு வந்தது. 'தேர்வர் இருக்கையில் இல்லை.' அடுத்த பெயருக்கும் அதுவே. அதற்கடுத்த பெயருக்கும் அதுவே. கண்காணிக்க ஒரு மாவட்டமே இருந்தது. தேர்வு எழுதத்தான் ஒருவரும் இல்லை.

திருவிடந்தையில் ஆடி மாதம் மண்டபங்களுக்கு வேலை கிடையாது. கல்யாணம் ஆகவேண்டும் என்று மாலையும் கையுமாகப் பெருமாளைச் சுற்ற வருகிறவர்கள் ஆடியிலும் வருவார்கள். மண்டபம் கேட்டுத்தான் ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே வாடகை சல்லிசு, ஆகவே பயிற்சி இங்கே. பழுத்த ஆசிரியர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, பகுதிக்கு ஒருவராக ஒருங்கிணைப்பாளர் ஆக்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில் கணினியில் எழுதப்போகிற தேர்வை அவரவர் பகுதியில் இவர்கள்தான் நடத்தவேண்டும். அதற்கு முன்னால் இவர்களே ஒரு மாணவனைப் போல மாதிரித் தேர்வு எழுதித் தேறவேண்டும். தேறினால் மென்பொருள் கடவுச்சொல் கொடுக்கும். கடவுச்சொல் இருந்தால் அந்தப் பகுதியில் தேர்வு மையம் திறக்கும். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. தேர்வு முடியும்வரை லேப்டாப்பின் கேமராவுக்கு முகம் தெரிந்துகொண்டே இருக்கவேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் டிரெயினர் நான். எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வீடியோ. அந்த வீடியோவில் பேசியவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது வீடியோவில் இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாதான் மேடையில் எனக்குப் போட்டிருந்த இருக்கை. பெண் உட்காரவேண்டிய இடத்தில் என் பை இருந்தது.

விஷாலுக்கு போன் போட்டேன். கல்லூரியில் என் பெஞ்சுக்காரன்; இப்போது சோழிங்கநல்லூரில் இந்த மென்பொருளை எழுதும் கூட்டத்தில் ஒருவன். மணி அவனுடைய யோசனை.

"மச்சான், அந்த மணிய எடுத்துடு."

"ஏன்டா? பரீட்சைன்னா ஒரு ஃபீல் வேணாமா?"

"ஃபீல் ஓவரா கீதுடா. எல்லாரும் எந்திரிச்சி ஒருத்தர ஒருத்தர் புடிச்சிகினு கீறாங்க."

மணி போனது. இரண்டாம் சுற்றைச் சத்தமில்லாமல் தொடங்கினேன். அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். கேள்வித்தாளைப் பார்த்ததும் எழுந்து நடப்பது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. பாலசுப்ரமணியன் சார் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு விடைக்கும் ஒரு கையை உருவியெடுத்து, அழுத்திவிட்டு, மறுபடி அடியில் சொருகினார். ஷபானா டீச்சர் சேலைத் தலைப்பை நாற்காலியின் கையோடு முடிச்சுப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் திரை முழுவதும் பச்சை. முதன்முறையாக எழுந்து நின்று கை தட்டலாம் என்று தோன்றியது. எழுந்து நிற்பது பற்றி அப்போதுதான் பாடம் எடுத்திருந்ததால் உட்கார்ந்தபடியே தட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன், ஒரே ஒரு சிவப்பு. கடப்பாக்கம் ஜோதிலட்சுமி.

நடந்தது இவ்வளவுதான். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வேண்டாக்கா, கடைசி வரிசைக்குப் பின்னால் தண்ணீர் கேன்காரரோடு கிசுகிசுத்திருக்கிறார். பாதித் தேர்வை ஒரு தப்பும் இல்லாமல் தாண்டியிருந்த ஜோதிலட்சுமி டீச்சரின் காதில் அது விழுந்திருக்கிறது. தேர்வு அறையில் கிசுகிசுப்பு. அவர் யோசிக்கவே இல்லை. கடைசி வரிசைக்குப் போய், கேன்காரரை வெளியே அனுப்பி, வேண்டாக்காவைத் தூணோரம் தனியாக உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது லேப்டாப் அவரைக் கைவிட்டிருந்தது.

ஆக, அவருக்கு மிச்சம் ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் அடுத்த பருவம்வரை கணக்கு பூட்டிக்கொள்ளும், கடப்பாக்கத்துப் பிள்ளைகளை மென்பொருள் தானாகவே செங்கல்பட்டு மையத்துக்கு மாற்றிவிடும் என்று விதிப்படி விளக்கினேன். நான் நன்றாக விளக்குவேன். டீச்சர் கடைசிவரை கேட்டார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். அந்தப் பார்வைக்கு நானே ஒருமுறை, பிட்டு ஏதும் இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அவ்ளோ தூரம் எங்க பசங்க வராது தம்பி," என்றார். "ரெண்டு பஸ்ஸு மாறணும். விடிகாலைல அப்பங்காரன் கடல்லேர்ந்து போட்ட ஏத்திகினு வரச்சொல்ல இதுங்க கரைல நிக்கணும். நான் பக்கத்துல இருந்தா இழுத்தாந்து உக்கார வெப்பேன். செங்கல்பட்டுன்னா ஒண்ணும் வராது. வரலைன்னா உங்க கம்ப்யூட்டர் இன்னா போடும்?"

"வரவில்லை என்று போடும்" என்றேன்.

"பள்ளிக்கொடத்துக்கு எதிர்ல முட்டை போடும். அடுத்த வருசம் அத்த பாத்துட்டு, இங்க எதுக்கு எட்டாங் கிளாசுன்னு ஒருத்தர் கேப்பாரு. கேக்கறவரு கடப்பாக்கத்த பாத்திருக்கமாட்டாரு."

அழவில்லை, கெஞ்சவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார். மாஸ்டர் டிரெயினர் என்கிற பட்டத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் டீச்சர், சின்ன விஷயம் என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

யோசனை சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஷபானா டீச்சர் தன் முடிச்சு முறையைச் சிபாரிசு செய்தார். கட்டிப் பார்த்ததில், ஜோதிலட்சுமி டீச்சரின் முடிச்சோடு நாற்காலியும் சேர்ந்து எழுந்து வந்ததை எல்லோரும் பார்த்தோம். தோளை அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன் என்று பாலசுப்ரமணியன் சார் முன்வந்தார். கேமராவில் இன்னொரு கை தெரிந்தால் 'இரண்டாம் நபர்' என்று மூடிவிடும் என்பதால் அதுவும் சரிவரவில்லை. வெறும் நாற்காலியில் ஜோதிலட்சுமி டீச்சர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருகிறார். எதிரே ஒரு கேள்வித்தாளைக் காட்டினால் கால் தரையில் நிற்கமாட்டேன் என்கிறது. பாலசுப்ரமணியன் சார் பொறுமை இழந்து, "இன்னா டீச்சர், பையன் மாதிரி உக்காந்து எழுதிட்டுப் போ வேண்டிதுதானே" என்று கேட்டேவிட்டார்.

"பையன் மாதிரிதான் சார் இருக்கேன். எங்க ஸ்கூலு பையன் எவன் உக்காந்திருக்கான்?"

எல்லோரையும் சாப்பிட அனுப்பினேன். கண்காணிக்க ஆளே இல்லாவிட்டால் எழுந்திருக்கக் காரணம் இருக்காது என்பது என் கணக்கு. கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒத்திகை பார்த்தோம். காலி மண்டபத்தில் டீச்சர் முதல் கேள்வியைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். காற்றில் தாள் பறந்தால் அடுத்தவன் பார்த்துவிடுவானாம். அடுத்தவன் என்று யாரும் இல்லையே டீச்சர் என்றேன். இப்போது இல்லை என்றார்.

நான் சோபாவில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இருக்கையில் இல்லை' என்று அது இவ்வளவு அடித்துச் சொல்கிறதே, இருக்கை இதற்கு எப்படித் தெரியும் என்று ஒரு சந்தேகம் வந்தது. மறுபடி விஷால்.

"கேமராக்கு சேர்னா இன்னான்னே தெரியாதுடா," என்றான். "மூஞ்சி தெரியுதா, இன்னொரு மூஞ்சி இல்லியா, அவ்ளோதான் பாக்கும்."

நான் சோபாவிலிருந்து இறங்கினேன். டீச்சரின் மேஜையில் இருந்த லேப்டாப்பை மூடாமல் அப்படியே தூக்கி அவர் கைகளில் கொடுத்தேன். அட்டெண்டன்ஸ் எடுக்கப் போகிறவர் மாதிரி அதை இடது கையில் அணைத்து வாங்கிக்கொண்டார். நடங்கள் டீச்சர் என்றேன். அவர் நடக்கவில்லை. இதற்கு விதியில் இடம் உண்டா என்று கேட்டார். திரையில் நாங்கள் யாருமே படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தும் அந்த நீண்ட விதிமுறையை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். என் வேலைக்காலத்தில் அதை முழுவதும் படித்த முதல் மனிதர். படித்து முடித்து, உட்காரணும்னு எங்கேயும் போடவில்லை, சரி என்றார்.

அடுத்த சிக்கல், துறை கொடுத்த அந்த லேப்டாப்பின் பேட்டரி. ஒயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். தூணோரம் இன்னும் உட்கார்ந்திருந்த வேண்டாக்கா, எழுந்திரிக்கலாமா என்று டீச்சரிடம் அனுமதி கேட்டார். எழுந்துபோய், கல்யாண வீடியோக்காரர்கள் விளக்குக்குப் பயன்படுத்தும் பெரிய ஒயர் சுருளைச் சாமான் அறையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். "ஹாலு முச்சூடும் வரும்ப்பா. பொண்ணு எங்க போனாலும் லைட்டு கூடவே போவும்," என்று சொல்லிவிட்டு, கேமராவில் விழாமல் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

டீச்சருக்குப் பின்னால் நான் போனால் கேமராவில் விழுவேன். ஆகவே முன்னால், அவரைப் பார்த்தபடி, பின்புறமாகவே நடக்கவேண்டும். எனக்குத் தெரிந்தது லேப்டாப்பின் முதுகும் அதற்கு மேலே கண்ணாடியும்தான். கையில் சுருள். மணப்பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது வீடியோக்காரர் பின்னோக்கியே நடந்து போவாரே, அந்த நடை. தொடங்கினோம்.

தேர்வு அறையில் நடக்கிற அந்த டீச்சரை நான் அப்போதுதான் பார்த்தேன். அவசரம் கிடையாது. ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி. வரிசையின் முனையில் விடையை அழுத்துவார், திரும்புவார், அடுத்த வரிசை. கண் திரையில் இருந்தாலும் பாதி மனம் காலி நாற்காலிகள்மேல் இருந்தது தெரிந்தது. ஒரு பின்னக் கணக்குக்கு மட்டும் நின்று, உதட்டை அசைத்து, விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார். நான் இரண்டு முறை நாற்காலியில் இடித்தேன். "காலு தம்பி," என்றார் கண்ணை எடுக்காமல். மூன்றாவது முறை இடிப்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

கடைசிக்கு முந்தின வரிசையில் அவர் வாசலுக்கு முதுகு காட்டித் திரும்பினார். லேப்டாப்பின் கேமரா இப்போது அவர் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தது. அவருக்கு எதிரே பின்னோக்கி நடந்துகொண்டிருந்த நானும் அதைத்தான் பார்த்தேன். வராந்தாவில் பேச்சும் சிரிப்புமாகக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. சாப்பாடு முடிந்துவிட்டது. ஒரு முகம், ஒரே ஒரு முகம் அந்த வாசலில் எட்டிப் பார்த்தால் கடப்பாக்கம் மூடிக்கொள்ளும். என் கையில் ஒயர் சுருள். கத்தினால் டீச்சர் திரும்பிப் பார்ப்பார்.

பாலசுப்ரமணியன் சாரின் நிழல்தான் முதலில் உள்ளே வந்தது. கையில் பாயசக் கிண்ணம். நிழல் அப்படியே நின்றது. அறைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கியிருக்க நியாயமே இல்லை. ஒரு பெண்மணி லேப்டாப்போடு நடக்கிறார், ஒரு பையன் ஒயரோடு பின்னோக்கி நடக்கிறான். ஆனால் தேர்வு நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு கைகளையும் விரித்து, பாயசம் வழிய வழிய, கூட்டத்தைச் சுவரோடு ஒதுக்கினார். பேச்சு நின்றது. வாசலில் வெயில் மட்டும் இருந்தது. மாவட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்கள் அத்தனை பேரும் இரண்டு பக்கச் சுவரோடும் ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றார்கள் என்று பிறகு வேண்டாக்கா சொன்னார். எனக்குத் தெரிந்தது வாசற்படியில் சொட்டிய பாயசம் மட்டும்தான்.

ஜோதிலட்சுமி டீச்சர் கடைசி வரிசையின் முனைக்கு வந்தார். விடைகளை மறுபடி ஒருமுறை சரிபார்த்தார். 'சமர்ப்பி'யை அழுத்தினார், கேமரா அணைந்தது. என் பக்கம் திரையைத் திருப்பிக் காட்டினார். நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபத்து வைஃபை. கொஞ்ச நேரம் ஆகும் டீச்சர், உட்காருங்கள் என்றேன். என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எங்க ஸ்கூல்ல ஒரு செவுத்துலதான் பிளக்கு கீது தம்பி," என்றார். "பரீட்சை அன்னிக்கு அந்தச் செவுத்தோரமாவே பெஞ்ச போட்டுடுவேன். ஜன்னலு கடலப் பாத்துகினு இருக்கும், அத்த சாத்திடணும். போட்டு வந்துதுன்னா பசங்க கண்ணு அங்க பூடும்."

வட்டம் சுற்றியது. அவர் லேப்டாப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி வரிசைக்குள் இறங்கினார். நான் இடித்துக் கோணலாக்கிய நாற்காலியை ஒரு கையால் நேராக்கினார், அதற்கடுத்ததையும் நேராக்கினார். ஒயரை விட்டுக்கொண்டே நான் பின்னால் போனேன். வாசலில் ஒவ்வொரு முகமாக எட்டிப் பார்த்தது. டீச்சர் இன்னும் நடந்துகொண்டிருந்தார்; ஒருவரும் படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.