டோக்கனில் இருந்த பெயர்

“உடம்புக்குள்ள இருக்குறது ஏசப்பாவுக்கு மட்டும்தானேப்பா தெரியும்?” என்று மகள் ஷாரோன் ஐந்து வயதில் ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்று ஜோயல் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை படப்பை ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

“ஜோயல் சார், நான் டாக்டர் ஜயஸ்ரீ. சனிக்கிழமை எடுத்த ஸ்கேன்ல, வயித்துல போற பெரிய ரத்தக்குழாய் அஞ்சரை சென்டிமீட்டர் வீங்கியிருக்கு. உள்சுவர்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. எத்தனை வருஷமா புகை பிடிக்கறீங்க?”

ஜோயல் புகையைத் தொட்டதே இல்லை. ஆனால் குடிப்பார். கம்பெனியின் வருடாந்திரப் பரிசோதனையில் கல்லீரல் காட்டிக்கொடுத்துவிடும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள் என்று பயந்து, லோடிங்கில் வேலை செய்யும் பிச்சையாவிடம் தன் ஸ்கேன் டோக்கனைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பிச்சையா ஒரு சொட்டும் குடிக்காதவர். முப்பது வருடம் ஊதிய பீடி வயிற்று ஸ்கேனில் தெரியும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. கான்ட்ராக்ட் ஆளான பிச்சையாவுக்குக் கம்பெனி ஸ்கேன் கிடையாது.

“முதுகு வலி இருக்கா?”

இன்று காலைகூட பிச்சையா முதுகைப் பிடித்துக்கொண்டுதான் ஷிப்டுக்கு வந்தார்.

“வெயிட் தூக்காதீங்க. உடனே வாங்க. வெடிச்சா காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம்.”

ஜோயல் லோடிங் பக்கம் ஓடினார். பிச்சையா ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வையி! கீழ வையி!”

“இன்னாடா, பொட்டிக்குள்ள பாம்பு கீதா?”

“ஸ்கேன் சென்டர்ல கூப்புடுறாங்க. வா.”

“மறுபடியுமா? அன்னிக்கே உனக்காக வெறும் வயித்தோட மூணு மணி நேரம் குந்திகினு இருந்தேன். பிரியாணி வாங்கித் தரேன்னியே, அது இன்னா ஆச்சு?”

ஷேர் ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கியபோது ஜோயலின் உதடுகள் ஜெபித்தன.

சென்டர் கவுண்டரில் பிச்சையாவின் பெயரில் புது டோக்கன் கேட்டார். அப்படிச் செய்தால் பழைய கதை வெளியே வராது.

“சாப்பிட்டீங்களா?” என்றாள் கவுண்டர் பெண்.

“நாலு இட்லி.”

“அப்போ நாளைக்கு வெறும் வயித்துல வாங்க. கேஸ் இருந்தா உள்ள சரியாத் தெரியாது.”

பிச்சையா முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பெஞ்சில் சாய்ந்தார். நெற்றியில் வியர்வை. நாளை வரை காத்திருக்க முடியாது. சனிக்கிழமை எடுத்த படம் உள்ளே தயாராக இருந்தது. அதில் இருந்தது ஜோயலின் பெயர்.

ஜோயல் தனியாக டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் சொன்னார்.

“பேரை மாத்தி இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்,” என்றார் டாக்டர். “ஆனா உங்க கம்பெனிக்கும் எழுதியாகணும். வேலை போகலாம்.”

“எழுதுங்க டாக்டர். நான்தான் அவரைக் கட்டாயப்படுத்தினேன்னும் எழுதுங்க.”

வெளியே வந்ததும் பிச்சையா முனகினார். “இன்னாபா இவ்ளோ நேரம்?”

“பேரைத் தப்பா போட்டுட்டாங்கண்ணே. திருத்திட்டு வந்தேன்.”

அறுவை சிகிச்சை முடிந்து பிச்சையா பிழைத்தார். பீடியை விட்டார். கம்பெனி வேலை போன ஜோயல் இப்போது படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

“குடிச்சுக் குடிச்சே நல்ல வேலைய தொலைச்சுட்டியேடா,” என்று ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் பிச்சையா திட்டுவார்.

குடியை விட்டு எட்டு மாதமான ஜோயல், “ஆமாண்ணே,” என்று சொல்லிவிட்டு, பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டுவார்.