நாலு கதவு தள்ளி

ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவளின் வீடு முதன்முதலாக இடம் மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பெரிதாக ஒன்றுமில்லை. நாலு கதவு தள்ளிப் போய், பேக்கரிக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். முந்தின நாள் மாலையே அவளுக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். மாற்று ஆள் வரவில்லை. மாற்று ஆள் வராமல் வண்டியை விட்டு இறங்கினால், இறங்கிய கையோடு ஊரில் யாருக்காவது நெஞ்சு வலிக்கும் என்பது அந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் அடுத்த ஷிப்டையும் அவளே பார்த்துவிட்டு வந்தாள். வீடு இருந்த இடத்தில் வெறும் மண்தரையும் அதில் சுருண்டு படுத்த ஒரு பூனையும் இருந்தன. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு எட்டிப் பார்த்து, "உங்க வீடு இங்க வந்துடுச்சும்மா" என்றார், தபால் கதவு மாறி வந்துவிட்டதைச் சொல்வதுபோல. உள்ளே அவள் கணவர், தையற்காரர், ஒரு பேண்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார். நகர்ந்தது தனக்குத் தெரியவே இல்லை என்றும், ஜன்னலைத் திறந்ததும் ரொட்டி வாசனை வந்தபோதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது என்றும் சொன்னார்.

ஊரில் அவளை முதலுதவிக்காரி என்பார்கள். வண்டி ஓட்டுபவருக்கு ஹாரன் என்று பெயர். சைரன் கெட்டுப்போன நாளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தியே நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். இருவருக்கும் ஊரிலுள்ள வீடுகள் எல்லாம் அத்துப்படி. எந்த மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, எந்த வீட்டுக் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தால்தான் ஆளைத் தூக்க முடியும், எல்லாம் தெரியும். போன இடத்தில் ஷூவைக் கழற்றுவதில்லை, வணக்கம் சொல்வதில்லை. கதவு திறந்ததும் அவள் வாயிலிருந்து வருவது ஒன்றே: "யாருக்கு முடியல? எங்க இருக்காங்க?" ஆண்டுக்கணக்கில் இப்படிக் கேட்டுக் கேட்டு அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. அசந்துபோய் வரும் நாட்களில் சொந்த வீட்டுக்குள்ளும் ஷூவோடு நுழைந்து அதையே கேட்டுவிடுவாள். முதல் தடவை கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்த மகள் கையைத் தூக்கி, "எனக்கு!" என்று முழங்கால் சிராய்ப்பைக் காட்டினாள். அம்மா உடனே பக்கத்தில் உட்கார்ந்து, காலை மடியில் வைத்து, ஊதி, மருந்து போட்டு, கட்டும் கட்டினாள். நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன நாட்களிலோ அம்மா சுவரில் சாய்ந்த மாதிரியே தூங்கிப்போனாள். குழந்தைக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அம்மா வரும்போதெல்லாம் அவளுக்கு எங்கேயாவது வலித்தது. வயிறு, காது, இடது கைச் சுண்டுவிரல். முதலுதவிக்காரிக்குப் பொய் வலி எது, மெய் வலி எது என்று தெரியாதா என்ன? தெரிந்தே எல்லாவற்றுக்கும் கட்டுப் போட்டாள். வாரத்தில் அவளுக்கு நிம்மதியாக இருந்த நேரம் அதுதான்.

மாற்று ஆள் வராத ஒவ்வொரு தடவையும் வீடு நாலு கதவு தள்ளிப் போனது. மாற்று ஆள் வராததற்குக் காரணம் எளிமையானது: மாற்று ஆளே கிடையாது. தேசத்தின் சட்டப்படி ஆம்புலன்ஸில் வேலை செய்பவர்கள் சரக்கு வண்டித் தொழிலாளர்கள். மோட்டார் வண்டிகள் வந்த புதிதில், படுத்த நிலையில் கொண்டுசெல்லப்படும் எதுவும் சரக்கு என்று யாரோ ஒரு பெரிய மனிதர் எழுதிவிட்டுப் போனதை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆகவே அவர்களுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று விதிக்கப்படவில்லை. களைத்தால் சாலையோரம் நிறுத்தித் தூங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. நோய் தொற்றினால் சிகிச்சைக்கும், அடிபட்டால் குடும்பத்துக்கும் வழியில்லை. ஒரு நிலையத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் மூட்டைகள் காத்திருக்கும்.

இதற்குள் வீடு தெருவைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, ஒரு மழைக்காலத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தையற்காரருக்கு இதில் நஷ்டமில்லை. புதுத் தெரு என்றால் புது வாடிக்கை. பழைய தெருவின் துணிகளைப் புதுத் தெருவிலிருந்து பார்சல் போட்டு அனுப்பினார். மகள் வருடத்துக்கு ஒரு பள்ளி மாறினாள். முதலுதவிக்காரி விடுப்பு கிடைத்தால் பஸ் ஏறிப் போவாள். பிறகு பஸ் போதாமல் ரயில். ரயிலிலிருந்து இறங்குவதற்குள் நிலையத்திலிருந்து அழைப்பு வரும், ஆள் இல்லை என்று. அப்படியே எதிர் மேடைக்குப் போய்த் திரும்பும் ரயிலைப் பிடிப்பாள். கடைசியில் போன் மட்டும் மிச்சமிருந்தது. அவள் பேசுவதைவிட அதிகம் கேட்டுக்கொண்டிருப்பாள். தையல் மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நடுவில் மகள் வந்து, "அம்மா, தோள் வலிக்குது" என்பாள். "அம்மா வந்து பாக்குறேன்டா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு ஆம்புலன்ஸின் பின்கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுவாள். ஹாரன் அந்த நேரத்தில் மட்டும் சத்தம் போடாமல் டயரைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் வீடும் அப்போது ஏதோ ஒரு மலை ஏறிக்கொண்டிருந்தது.

தேசம் முழுக்க இதே கதைதான். ஆம்புலன்ஸ்காரர்களின் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நெடுஞ்சாலை ஓரமாகவே நகர்ந்தன. லாரிக்காரர்கள் அவற்றுக்கு வழிவிட்டுப் பழகிக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் மனு கொடுக்காமல் இல்லை. போக்குவரத்து அமைச்சர், இது உடம்பு சம்பந்தப்பட்டது, சுகாதாரத்துக்குப் போங்கள் என்றார். சுகாதார அமைச்சர், இது வண்டி சம்பந்தப்பட்டது, போக்குவரத்துக்குப் போங்கள் என்றார். இப்படிப் பந்தாடப்பட்டே பல வருடங்கள் ஓடின. வீடுகள் அமைச்சர்களுக்காகக் காத்திருக்கவில்லை. நெடுஞ்சாலை தலைநகரில் போய் முடிந்ததால் அவையும் அங்கே போய்ச் சேர்ந்து, நாடாளுமன்றத்துக்கு முன்னாலிருந்த புல்வெளியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. காவலர்கள் முதலில் அபராதம் போடப் பார்த்தார்கள். வீட்டை நிறுத்தியதற்கு அபராதம் என்று எந்தப் பிரிவிலும் இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

உறுப்பினர்கள் அவைக்குப் போக, கொடிகளில் காயும் சீருடைகளுக்கு நடுவே குனிந்து போக வேண்டியிருந்தது. அப்படிக் குனிந்ததில் ஒரு மூத்த உறுப்பினருக்குக் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. அவர் கோப்பால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் மெஷின் சத்தம் கேட்ட வீட்டுக்குள் நுழைந்தார். தையற்காரர் ஒரு துண்டைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தைத்தார். வேறு பேச்சு கிடைக்காததால் உறுப்பினர், "வீட்டம்மா எங்க?" என்று கேட்டார்.

"வேலையில இருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"மாத்து ஆள் வந்தா வருவாங்க."

"எப்ப வரும் மாத்து ஆள்?"

"அதை நீங்கதான் சார் சொல்லணும்" என்றார் தையற்காரர், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

துண்டோடு உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் உறைக்கும். மூத்த உறுப்பினர் அன்றே ஒரு குழு அமைக்கச் சொன்னார். குழு சாட்சி கேட்டது. தொழிலாளர்கள் முதலுதவிக்காரியை அனுப்பினார்கள். வேறு வண்டி இல்லாததால் ஹாரன் அவளை ஆம்புலன்ஸிலேயே ஏற்றிவந்தார்.

அவள் குழுவின் முன் நின்று, முதலில் தயங்கித் தயங்கித்தான் பேசினாள். விபத்தில் அடிபட்டவனைத் தூக்கும்போது முதுகுத்தண்டு விலகிப்போன சகாவைப் பற்றியும், அவனுக்கு நஷ்டஈடு மறுக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணத்தைப் பற்றியும் சொன்னாள்: சரக்கு ஏற்றும்போது கவனமாக இருந்திருக்க வேண்டுமாம். பிறகு ஒருவர், உங்களுக்கு என்னதான் வேண்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே புல்வெளியில் அவள் வீடு நின்றிருந்தது. ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உயரமாக இருந்தாள், அது தன் மகள் என்று தெரிய ஒரு கணம் பிடித்தது.

"வேலை முடிஞ்சா நடந்து போற தூரத்துல எங்க வீடு இருக்கணும்" என்றாள். "அதுக்கு என்னென்ன சட்டம் வேணுமோ அதெல்லாம் போடுங்க. எங்களை மருத்துவ வேலை செய்யறவங்கன்னு ஒத்துக்கோங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்."

படியிறங்கி வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியபோது, கீழே ஹாரன் கத்தினார். நகர எல்லையில் பஸ் கவிழ்ந்துவிட்டது, தலைநகர வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன. வீடு இருபது அடியில் இருந்தது. மகள் கையில் ஈரத் துண்டோடு திரும்பிப் பார்த்தாள். முதலுதவிக்காரி கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். அவள் மனதுக்குள் வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடியது எவ்வளவு தூரம் என்பதை யாரும் அளக்கவில்லை.

வண்டி வாசலைத் தாண்டியதும் வீடு வழக்கம்போல நாலு கதவு தள்ளிப் போகப் பார்த்தது. போக இடமில்லை, நாடாளுமன்றச் சுவரில் முட்டியது. அந்த வாரத்தில் தேசத்தின் பல ஊர்களில் மாற்று ஆட்கள் வரவில்லை, பல வீடுகள் முட்டின. சுவரில் விரிசல் விட்டு, சபாநாயகரின் மேஜைமீது காரை உதிர்ந்தது. இரண்டு அமைச்சர்களும் முதன்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். கூரை விழுவதற்குள் சட்டம் நிறைவேறியது: அவசர மருத்துவப் பணியாளர் என்ற பெயர், ஓய்வு நேரம், நஷ்டஈடு, ஒவ்வொரு நிலையத்துக்கும் போதுமான ஆட்கள், எல்லாம் தேசம் முழுமைக்கும்.

சட்டம் வந்த மறுநாளே வீடு வாசலில் வந்து நின்றுவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி நடக்கவில்லை. போன வேகத்தில்தான் வந்தது. நேரத்துக்கு வேலை முடிந்த ஒவ்வொரு முறைக்கும் நாலு கதவு. தேசம் அத்தனை வருடங்கள் எடுத்துக்கொண்டதை ஒரே கையெழுத்தில் திருப்பித் தர முடியாது என்று மூத்த உறுப்பினர் எழுதிய கடிதத்தில் வருத்தம் தெரிவித்திருந்தார். இப்போது அவளுக்கு ஓய்வு நாட்கள் இருந்தன. ரயில் ஏறிப் போய், வீடு அப்போது எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே இருந்துவிட்டு வந்தாள். விருந்தாளி மாதிரிதான் இருந்தது. எந்த டப்பாவில் சர்க்கரை என்று கேட்க வேண்டியிருந்தது. அவள் ஏங்கிய வீடு, தினமும் வேலை முடிந்து திரும்பும் வீடு, அது இன்னும் சாலையில்தான் இருந்தது. ஹாரனின் வீடு முதலில் மலையிறங்கி வந்துசேர்ந்தது. அவர் ஒரு வாரம் யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை.

பிறகு ஒரு மாலையில், நிலையத்து வாசலில் நின்று ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவளுக்குத் தையல் மெஷின் சத்தம் கேட்டது. ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. போன் பையில்தான் இருந்தது. மாற்று ஆள், துவைத்து மடித்த சீருடையில் ஒரு இளம்பெண், நேரத்துக்கு வந்து, "கிளம்புங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் நடந்துதான் போனாள். பேக்கரியைத் தாண்டி நாலு கதவு. கதவு திறந்திருந்தது. கால் பழக்கத்தில் ஷூவோடு உள்ளே போய்விட்டது, நாக்கும் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "யாருக்கு முடியல? எங்க இருக்காங்க?"

மகள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பழைய நாட்களைப் போல ஏதாவது ஒரு விரலை நீட்டியிருக்கலாம். அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் நல்லா இருக்கோம். ஷூவைக் கழட்டிட்டு வா."

முதலுதவிக்காரி வாசலுக்குத் திரும்பிப் போய் ஷூவைக் கழற்றினாள். வந்து, எந்த வலியும் இல்லாத மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தையற்காரர் மெஷினை நிறுத்தவில்லை. மறுநாள் காலையிலும் வீடு அங்கேயே இருந்தது. பேக்கரிக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் கிடந்த இடைவெளியில் பேக்கரிக்காரர் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.