நான்கு துண்டுகள் குறைவு

வியாழக்கிழமை காலை ஆய்வாளர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லூரியில் எல்லோருக்கும் அவள் மேடம். ஆறு வருடமாகத் தற்காலிக ஆங்கில விரிவுரையாளர். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக விண்ணப்பம் எழுதி, புதிதாகப் பயந்து, அதே ஆடும் நாற்காலியில் வந்து உட்காருவாள். இந்த முறை ஆய்வாளர் நாலு நல்ல வார்த்தை எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு அந்த நாற்காலியும் கிடையாது.

பாடம் எப்படி இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டுமாம். மாணவர்கள் படித்து, பேசி, எழுத வேண்டுமாம். இவளோ ஆறு வருடமும் குறிப்பு சொன்னவள். இவள் சொல்வாள், அவர்கள் எழுதுவார்கள், மணி அடிக்கும். அதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டாள். ஒரு குட்டிக் கதை. அதை வரி வரியாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவர் துண்டை இன்னொருவர் படித்துப் பார்த்து, பேசி, கதை சரியாக வரும்படி சுவரோரம் வரிசையாக நிற்க வேண்டும். பிறகு உட்கார்ந்து கதைக்கு ஆளுக்கொரு முடிவு எழுத வேண்டும். அவ்வளவுதான். கேட்கவே அழகாக இருந்தது.

துறைத் தலைவருக்கும் பிடித்துப் போயிற்று. ஆனால் மனிதர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிளான் பிரமாதம்மா. ஆனா இங்கிலீஷே வராத அந்த நாலு பேர் வாயத் திறந்தா உங்க வேலை காலி. அன்னைக்கு லீவு போடச் சொல்லிடுங்க. பக்குவமா சொல்லணும். எல்லா டிபார்ட்மென்ட்லயும் பண்றதுதான்."

எல்லோரும் செய்கிறார்கள் என்றால் மனசுக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது! அன்று மாலையே நாலு பேரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். மூன்று பையன்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நாலாவது ஒரு பெண். மூன்று செமஸ்டராக வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. பிள்ளைகள் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெண் தலையாட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் மேடம்.

ஞாயிறு மத்தியானம் கணவர் துண்டுகளை வெட்டித் தந்தார். தையல்காரர், அவர் கத்தரி பிடித்தால் ஒரு நூல் பிசகாது.

"இருபத்திநாலுதான் இருக்கு. உன் கிளாஸ்ல இருபத்தெட்டு பேர்னு சொன்னியே?"

"நாலு பேர் வரமாட்டாங்க."

"வியாழக்கிழமை வரமாட்டாங்கன்னு ஞாயித்துக்கிழமையே எப்படித் தெரியும்?"

"உங்க வேலையப் பாருங்களேன்" என்று சிடுசிடுத்தாள். அவர் கத்தரியை மறுபடி எடுத்தார்.

வியாழக்கிழமை. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்பு வாசலில் அந்தப் பெண் நின்றாள்.

"உன்ன வர வேண்டாம்னு சொன்னேன்ல?"

"அட்டெண்டன்ஸ் கம்மி மேடம். இன்னைக்கும் வரலன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க மேடம்."

தாழ்வாரத்தில் ஆய்வாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே துறைத் தலைவரின் சிரிப்பும். மேடம் வாசலை விட்டு விலகி வழி விட்டாள்.

"கடைசியில போய் உக்காரு. மூச்சு விடாத."

பாடம் என்னவோ ஜோராகத்தான் ஆரம்பித்தது. பிள்ளைகள் துண்டும் கையுமாக அலைந்தார்கள், சண்டை போட்டார்கள், "நீ எனக்கு முன்னாடி நிக்கணும்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் திணறிச் சிரித்தார்கள். ஆய்வாளர் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். இருபத்திநாலு பேரும் வரிசையில் நின்ற பிறகு, எல்லோரோடும் எழுந்து வந்த அந்தப் பெண் மட்டும் நடு அறையில் வெறுங்கையோடு நின்றாள். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆய்வாளரின் பேனா நின்றது.

"உன் துண்டு எங்கே?" ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

மேடம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடப் போகிறாள். வர வேண்டாம் என்றார்கள், எனக்குத் துண்டே தரவில்லை என்று சொல்லிவிடப் போகிறாள். ஆறு வருடம் இந்த ஒரு வாயில் தொங்குகிறது. இவள் ஊமையாகவே இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டாள். ஆம், ஒரு ஆசிரியை தன் மாணவிக்காக அப்படித்தான் வேண்டிக்கொண்டாள்.

அந்தப் பெண் மேடத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், மெதுவாக, ஒரு முழு வாக்கியமாகச் சொன்னாள்: "என் துண்டை நான் தொலைத்துவிட்டேன் ஐயா."

ஆய்வாளர் முகம் சுளித்தார். "மேடம் இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிருக்காங்க, ஒரு காகிதத்தைப் பத்திரமா வச்சுக்கத் தெரியலயா? சரி, மத்தவங்க கதைக்கு முடிவு எழுதட்டும். நீ உங்க மேடத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது. அதுவும் எழுத்துப் பயிற்சிதானே?" என்று மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். மேடமும் சிரித்தாள். கூசாமல் சிரித்தாள்.

பத்து நிமிடம் அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதினாள். கொண்டுவந்து நீட்டியபோது தாளின் ஓரம் வியர்வையில் நனைந்திருந்தது. உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் எல்லாம் புரிந்தது. என் அலட்சியத்தால் எல்லோருடைய பாடமும் கெட்டது. நீங்கள் என்மேல் கோபப்பட்டது நியாயம். இனிமேல் நன்றாகப் படிப்பேன். தயவுசெய்து என்னை வகுப்பில் இருக்க விடுங்கள்.

ஆய்வாளர் மேசையருகே வந்தார். "திருத்துங்க மேடம். நீங்க எப்படித் திருத்துறீங்கன்னு பாத்துட்டு முடிச்சிக்கலாம். எனக்கு ரொம்பத் திருப்தி."

பின்வரிசையில் துறைத் தலைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேலை கையில் வந்து விழுந்துவிட்டது. ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து நாலு இடத்தில் சுழித்தால் போதும். பேனாவை எடுத்தாள். கடைசி வரியில் வைத்தாள். தாளில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்ததே தவிர, பேனா நகரவில்லை. அவளுக்கு இவ்வளவு பயம் வாழ்நாளில் வந்ததில்லை.

"இவ தொலைக்கல சார்" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை போலிருந்தது. இன்னொரு முறை சொன்னாள். "இவ தொலைக்கல. நான் குடுக்கவே இல்ல. இன்னைக்கு வராதீங்கன்னு நாலு பேர்கிட்ட நான்தான் சொன்னேன்."

"மேடம், வேணாம் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

துறைத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் தன் குறிப்பேட்டை மூடாமலே வருகைப் பதிவேட்டை இழுத்துப் புரட்டினார். விரலை வைத்து எண்ணினார்.

"மத்த மூணு பசங்க இப்ப எங்க இருக்காங்க?"

அவள் வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியவில்லை. எங்கே போவீர்கள் என்று அவர்களிடம் அவள் கேட்கவே இல்லை.