கறுப்பு வண்டியின் மேற்கூரை

முக்காலியில் ஏறி நின்றால்தான் நடுக்கூரை எட்டும். அவள் ஒரு கையால் காரின் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெயின்ட்டைக் காக்கிற கோட்டிங்கில் நனைத்த பஞ்சுக்கட்டையை நீளவாக்கில் இழுத்தாள், பிறகு குறுக்கே இழுத்தாள். புது வண்டி, கறுப்பு. கறுப்பில் ஒரு விரல்பட்டால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டம் கட்டமாகத்தான் போடவேண்டும். ஒரு கைத்துண்டு அகலத்துக்குத் தடவி, எண்ணெய் மிதப்பதுபோல வானவில் நிறம் எழும்பியதும் துடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். தம்பி அப்படித்தான் செய்வான். அவள் பக்கத்தில் நின்று துணி எடுத்துக்கொடுத்தே வேலையைக் கற்றுக்கொண்டவள். இன்றைக்கு முழுக் கூரைக்கும் ஒரே மூச்சாகத் தடவிக்கொண்டிருந்தாள். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று கணக்கு.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. இன்று காலையில் பாலை ஒரு வாய் கூடவே குடித்தான். அந்தத் தெம்பில்தான் அவளை விரட்டினான்.

“போ, போய் என் இடத்தப் பிடிச்சு வை. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவான் கடை மொதலாளி.”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது மறுபடி கூப்பிட்டான்.

“அக்கா, ஒருவேள எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீ பக்கத்துல இருக்கணும். இவ பயந்துருவா.” கட்டிலோரம் நின்ற பெண்டாட்டியைக் காட்டினான்.

“வாய மூடுடா.”

“இருப்பியா?”

“இருப்பேன். பேசாமப் படு.”

வண்டிக்காரர் தன் வண்டியை விட்டுப் போக மனமில்லாமல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி அவருக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு வருஷம் நிச்சயமா தாங்குமா?”

“அஞ்சென்ன சார், நீங்க இந்த வண்டிய வித்துட்டு அடுத்தத வாங்கினாலும் இது கல்லு மாதிரி நிக்கும்.”

வண்டிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. கை வைக்கிறது நீங்கதானே.”

அவளுக்குப் பொய் சொல்லக்கூட நேரமில்லை. “பாத்துக்கிட்டாத்தான் சார். நிழல்ல நிறுத்தணும், நல்ல சோப்பு போட்டுக் கழுவணும். அப்படின்னா ரெண்டு வருஷம், மிஞ்சினா மூணு. காக்கா எச்சத்த அப்படியே காயவிட்டீங்கன்னா அந்த இடம் அன்னிக்கே போச்சு.”

“கல்லு மாதிரி நிக்கும்னாரே இவரு?”

“கல்லும் தேயுமில்ல சார்.”

“பாத்தீங்களா, எனக்கு எதிரின்னு வெளிய யாரும் வேணாம்” என்று முதலாளி சிரித்துக்கொண்டே அவளை முறைத்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி.

“அண்ணி, உடனே வாங்க. வர வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டுப் போறாரு.”

“கண்ணு தொறந்திருக்கானா?”

“தொறந்துதான் இருக்காரு. வாங்க அண்ணி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.”

அவள் முக்காலியிலிருந்து இறங்கினாள். அண்ணாந்து பார்த்தாள். கூரையின் ஒரு மூலையில் வானவில் எழும்பி, அடங்கி, மங்கத் தொடங்கியிருந்தது. மற்ற மூலைகளிலும் எழும்பிக்கொண்டிருந்தது.

முதலாளியும் பார்த்துவிட்டார். “என்ன காரியம் பண்ணியிருக்க? முழுசா ஒரே தடவையிலயா போடுவாங்க? விட்டா இறுகிரும். அப்புறம் மெஷின் வச்சுத் தேய்ச்சா அடியில இருக்கிற பெயின்ட்டும் சேர்ந்து வரும்.”

“தம்பிக்கு முடியலையாம் சார்.”

“தெரியுது தாயே. துடைச்சிட்டு ஓடு, பத்து நிமிஷ வேலை. நாளைக்கு உன் தம்பி வந்து, ‘நான் இல்லாதப்ப வண்டிய இப்படியா பாழாக்குனீங்க’ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

நாளைக்கு உன் தம்பி வந்து. அவன் படுத்ததிலிருந்து அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. டாக்டர் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. அவள் மறுபடி முக்காலியில் ஏறினாள்.

துணி ஒட்டியது. அழுத்தினால் கையுறை வழுக்கியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் அழுத்தித் துடைத்தாள். ஒரு பக்கம் தெளிந்தால் மறுபக்கம் திட்டுத் திட்டாகப் படிந்து நின்றது. அந்தத் திட்டின் மேல் புதுசாகக் கொஞ்சம் தடவி, ஊறவைத்து, மறுபடி துடைத்தாள். தோள்பட்டை கழன்று விழும்போல இருந்தது. போன் அடித்தது. ஓய்ந்தது. திரும்ப அடித்தது. எடுத்துப் பேசுகிற நேரத்தில் இன்னொரு மூலை இறுகிவிடும்.

“விடுங்கம்மா, போங்க. வண்டிதானே” என்று வண்டிக்காரரே எழுந்து வந்துவிட்டார்.

“இந்த ஒரு மூலைதான் சார்.”

இந்தத் திட்டு போய்விட்டால் அவன் பிழைத்துக்கொள்வான். அவளாகவே அப்படி ஒரு பேரம் வைத்துக்கொண்டாள். யாரிடம் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. போயிரு, போயிரு என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். கடைசித் திட்டு விட்டுக்கொடுத்தது. கூரை முழுக்கக் கண்ணாடிபோல ஆனது. அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, தலையைக்கூட ஆட்டிக்கொண்டாள். துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஆட்டோ சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. கடைசித் தெருவில் இறங்கி ஓடினாள். லிப்ட் முன்னால் கூட்டம். படியேறினாள்.

வார்டில் அவன் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். தம்பி பெண்டாட்டி வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முடிஞ்சுதா உங்க வேலை?”



அவள் திரைக்குள் போனாள். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தைத் தொட்டாள். விரல் நுனியெல்லாம் கோட்டிங் இறுகிப்போய்த் தடித்திருந்தது. சூடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மணிக்கட்டைத் திருப்பி அவன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. அது ஆறுகிறவரை கையை எடுக்கவில்லை.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். ஆட்கள் வந்தார்கள், நின்றார்கள், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். தம்பி பெண்டாட்டி தலைமாட்டில் ஒரு பக்கம், அவள் மறுபக்கம். இருவருக்கும் நடுவில் அவன் கிடந்தான். தண்ணீர் வேண்டுமா என்றுகூட ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவளை வாசலுக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

“அந்த வண்டிய அப்படியே மூடி வச்சிருக்கேன். வண்டிக்காரரும் ஒண்ணும் சொல்லல. நீ எப்ப வந்தாலும் சரி. இனிமே அவன் இடம் உனக்குத்தான். வேற யாரையும் போட மாட்டேன்.”

அவள் அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

“அண்ணி.”

“ம்.”

“மொத தடவதான் நான் போன் பண்ணேன். அதுக்கப்புறம் அடிச்சதெல்லாம் அவரு.” தம்பி பெண்டாட்டி அவளைப் பார்க்காமலே பேசினாள். “போனப் பிடிக்கத் தெம்பில்ல. நான்தான் காதுல பிடிச்சுக்கிட்டேன். மணி அடிச்சு ஓயற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு. ஓஞ்சதும், இன்னொரு தடவன்னாரு.”

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு, “என்ன பேசணுமாம்?” என்று கேட்டாள்.

“எந்த வண்டின்னு கேக்கணுமாம்.” சிரிக்கப் போனவள் பாதியில் உடைந்துவிட்டாள். “நர்ஸ் ஓடுறாங்க, டாக்டர் ஓடி வர்றாரு. இவருக்கு இன்னிக்கு எந்த வண்டின்னு தெரியணுமாம். எனக்கென்ன தெரியும்? தெரியலீங்கன்னு சொன்னேன். அதோட சரி.”



“கறுப்பு” என்றாள் அவள். “கறுப்பு வண்டி. புதுசு. டாப்பு மட்டும்தான் முடிச்சிருக்கேன். முழுசா ஒரே தடவையில போட்டுட்டேன்.”

“அத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

தம்பி பெண்டாட்டி முட்டிக்காலில் எழுந்து குனிந்து, தாடையைக் கட்டியிருந்த துணியை அவன் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிவிட்டாள். பிறகு அண்ணிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.