கிணற்று மூலை

நடுவர் நல்லதம்பி சார் என்னைப் பார்த்து விரலை நீட்டியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன அவர் வகுப்புப் பிள்ளையா?

"ஏம்மா, வெளியிலேருந்து சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு ஒங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? இன்னொரு வார்த்தை வந்துச்சுன்னா ஒங்க பொண்ணுக்கு ஒரு பாயிண்ட் போயிரும்."

"நான் ஒண்ணும் சொல்லலை சார். இருமுனேன்."

"'கெணறு'ன்னு யாராவது இருமுவாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வயிற்றெரிச்சல் எனக்கல்லவா?

புதுக்கோட்டையில் மாவட்டப் பள்ளிகளுக்கான டென்னிஸ் இறுதி ஆட்டம். என் மகள் சுடர்விழி பன்னிரண்டாம் வகுப்பு. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கேட்கலாம். மார்க்கை நம்பிக் காலேஜ் போகிற பிள்ளை இல்லை அவள், அது எங்கள் ஆவூருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் இதுதான் கடைசி வருஷம். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

ஆவூரில் டென்னிஸ் கோர்ட் ஏது? அவள் அப்பா பீட்டர் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது ஒரு பேட் வாங்கி வந்தார். நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் கோடு போட்டோம். குறுக்கே கட்டியது ஜெகதாப்பட்டினத்தில் கழித்துப்போட்ட மீன்வலை. போனில் ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, வாளியிலிருந்து பந்தை எடுத்துப் போட்டுப் பழக்கியது நான்தான்.

களத்தின் இடது பின்மூலையை ஒட்டிக் கிணறு. சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்தான். அவள் ஓர் அடி பின்னால் வைத்தாலே "அடியே, கெணறு!" என்று அலறுவேன். பெற்றவள் வேறென்ன செய்வாள்? பீட்டர் லீவில் வந்து பந்து போடும்போது மட்டும் நான் போய்க் கிணற்றை மறைத்துக்கொண்டு நிற்பேன். அப்போதுதான் அவள் கால் பயமில்லாமல் பின்னால் போகும்.

பின்னால் போகாமலே ஆடியதில் அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. சர்வீஸை வெளிப்பக்கமாகப் போட்டு எதிராளியை ஓரத்துக்கு இழுப்பாள். திரும்பி வரும் பந்தை எழும்பும்போதே அடித்து, மறுபக்கம் காலியாகக் கிடக்கிற இடத்தில் சொருகுவாள். இரண்டே அடியில் பாயிண்ட். இன்றைக்கும் அப்படித்தான் நாலுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தாள். ஆறு கேம் எடுத்தால் ஜெயித்தாள், ஐந்துக்கு ஐந்து வந்தால் மட்டும் ஏழு எடுக்க வேண்டும்.

எதிரில் ஆடியவள் டவுன் பிள்ளை பிரகதீஸ்வரி. கோச்சிடம் பழகியவள். என் பிள்ளையின் குறையைக் கண்டுபிடித்துவிட்டாள், பாதகத்தி. மெதுவாக, உயரமாக, சுழற்றிச் சுழற்றி இடது பின்மூலைக்கே பந்தைப் போட்டாள். அது குத்தி எழும்பித் தோளுக்கு மேல் போனது. பின்னால் போய், பந்து இறங்கும்போது அடிக்க வேண்டும். சுடர்விழியோ பின்கோட்டை விட்டு நகராமல் எம்பி எம்பித் தட்டினாள். தட்டிய பந்து பாதிக் கோர்ட்டிலேயே விழுந்தது. அந்தப் பிள்ளை நிதானமாக முன்னால் வந்து, வலது ஓரத்தில் அடித்து முடித்தாள். இடது மூலைக்கு ஒன்று, வலது ஓரத்துக்கு ஒன்று. நாலுக்கு நாலு ஆயிற்று.

என் பிள்ளைக்குப் பின்னால் ஒரு லாரியே நிறுத்தலாம், அவ்வளவு இடம் கிடந்தது. 'பின்னாடி போ புள்ள, போயேன்' என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை அவள் கால் பின்னால் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து என் பாழாய்ப்போன வாய் தானாகத் திறந்து "கெணறு!" என்றது. அவள் திடுக்கிட்டு நின்றாள். பந்து அவள் தலையைத் தாண்டிப் போனது. அதற்குத்தான் சார் விரலை நீட்டினார். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

நாலுக்கு ஐந்து என்று பின்தங்கிப் பக்கம் மாறினார்கள். சுடர்விழி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து வேலியைச் சுற்றி நடந்தேன். அவள் அடுத்து ஆடப்போகிற பக்கத்தில், இடது மூலைக்குப் பின்னால், வேடிக்கை பார்த்தவர்களை ஒதுக்கிவிட்டு வலைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசத்தானே கூடாது?

இன்னும் ஒரு பாயிண்ட் போனால் எல்லாம் போச்சு என்கிற இடமும் வந்தது. உயரமான பந்து மூலைக்கு வந்தது. மாதாவே, அவள் காலை நகர்த்து தாயே! முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அவள் பின்னால் போனாள். ஓரடி, இன்னும் ஓரடி, வேலிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். இடுப்புக்கு இறங்கிய பந்தை அதேபோல் உயரமாக அந்தப் பிள்ளையின் மூலைக்கே திருப்பினாள். மறுபடி வந்தது, மறுபடி திருப்பினாள். பிரகதீஸ்வரிக்குப் பொறுமை போய்விட்டது. அவசரப்பட்டு அடித்தது குட்டையாக விழ, சுடர்விழி பாய்ந்து வந்து இடது மூலைக்கு ஓட்டினாள். அந்தப் பிள்ளை எட்டிப் பிடித்துத் தட்டியதை, என் மகள் வலைக்கு அங்கிட்டு பூப்போல வைத்தாள். எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

ஐந்துக்கு ஐந்து. ஆறுக்கு ஐந்து. அப்புறம் பக்கம் மாறினார்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அங்கிட்டு யார் நிற்பது? ஓடலாம் என்று காலை எடுத்தேன். நல்லதம்பி சார் தலையைத் திருப்பி என்னையே பார்த்தார். நகர்ந்தால் சைகை என்று சொல்லிப் பாயிண்டைப் பிடுங்கிவிட்டால்? நின்ற இடத்திலேயே கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். எதிர்ப்பக்க மூலை ஆளில்லாமல் கிடந்தது. முதல் பந்தே அங்கேதான் போனது.

அவள் பின்னால் போனாள். யாருமில்லாத மூலைக்கு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். ஏழாவதாக அந்தக் கேமும் அவளுக்கே வந்தது.

கைகுலுக்கிவிட்டு வேர்வையோடு வெளியே ஓடிவந்து, கேட்டுக்கு வந்து நின்ற என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கிட்டும்மா போன? நாலு அஞ்சு ஆனப்ப ஒன்னத் தேடுனேன், ஒக்காந்திருந்த எடத்துல காணோம். கோவிச்சுக்கிட்டு போயிட்டியோன்னு நெனச்சேன்."

"நானா..."

"அதான், இனிமே 'கெணறு'ன்னு கத்த ஆளில்லன்னு பின்னாடி போயிட்டேன். எவ்வளவு எடம்மா இருக்கு அங்க!"

வலைக்கம்பி அழுத்திய தடம் என் இரண்டு உள்ளங்கைகளிலும் சிவந்து கிடந்தது. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டேன்.

"டீ குடிக்கப் போயிருந்தேன் புள்ள," என்றேன்.