முழங்கைக்குக் கீழே ஐந்து அங்குலம்

எங்கள் பட்டறையில் ஒரு விதி உண்டு. சமைக்கிறவரின் முழங்கையை அளக்காமல் எந்தச் சமையலறைக்கும் பிளைவுட்டை அறுக்க மாட்டோம். நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரமோ, அதில் ஐந்து அங்குலம் கழித்தால் மேடையின் உயரம். ஏறினால் தோள் வலி, இறங்கினால் முதுகு வலி. ஆர்டர் தாளில் 'சமைப்பவர் பெயர்' என்று ஒரு கட்டம், 'முழங்கை உயரம்' என்று ஒரு கட்டம், அடியில் கையெழுத்து. இந்த மூன்றும் நிரம்பாமல் எங்கள் தலைமை ஆசாரி அழகர்சாமி அண்ணன் மெஷின் சுவிட்சில் விரல் வைக்க மாட்டார்.

விதியைப் போட்டவள் நான், நபீலா. ஓசூர் தளி ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டறை என்னுடையது. போனில் "ஓனர்கிட்ட குடும்மா" என்று கேட்பவர்களை ஒரு நிமிஷம் காக்க வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்லுங்க, ஓனர்தான் பேசறேன்" என்பேன். இந்த அல்ப சந்தோஷத்தை எட்டு வருஷமாக விடவில்லை. ஆரம்பத்தில், வீட்டுக்காரர் சொன்ன உயரத்துக்கே ஒரு மேடையைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி பட்டறைக்கே வந்து, தூக்க முடியாத தோளைக் காட்டி, தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் என்னைத் திட்டிவிட்டுப் போனார். விதி அன்றைக்குப் பிறந்தது.

போன மார்கழியில் பாகலூர் ரோடு பக்கம் ஒரு புது வீட்டுக்கு அளவெடுக்கப் போனோம். தை மாதம் கிரகப்பிரவேசம். வீட்டில் நான்கு பேர். கங்கப்பன், கம்பெனியில் ரிட்டயர் ஆனவர், குட்டை. அவர் மனைவி ராஜாத்தி, அவரைவிட அரை அடி உயரம். மகன் ஹரீஷ்குமார், வண்டிச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவர், அப்பாவைக் கொண்டு பிறந்தவர். மருமகள் ரேவதி, செல்போன் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் வேலை, எல்லாரையும்விடச் சின்ன உருவம்.

"யார் சமைப்பீங்க?" என்று கேட்டேன்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு யாராவது ஒரு பெண் கையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்துவிடுவார். இங்கே மாமியாரும் மருமகளும் ஆளுக்கு ஒரு அடி பின்னால் போனார்கள்.

"எங்க அத்தை கைப்பக்குவம் யாருக்குங்கக்கா வரும்? அவங்க ஒரு ரசம் வெச்சா தெருவே மணக்கும்" என்றாள் ரேவதி.

"அட, எம்மருமவ வெக்கிற கொழம்ப நீங்க சாப்ட்டுப் பாக்கணும் பாயம்மா! நான் வெக்கிறதெல்லாம் ஒரு கொழம்பா?" என்றார் ராஜாத்தி.

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் இப்படிப் புகழ்ந்து நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. அளவுநாடாவை நான் நீட்டிய பக்கமெல்லாம் ஆள் நகர்ந்துகொண்டே இருந்தது. கங்கப்பன் கார் நிறுத்தும் இடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஹரீஷ்குமார் சமையலறை ஜன்னல் திண்டில் ஒரு முழங்கையை ஊன்றி, போனைத் தடவிக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்: "அதெல்லாம் லேடீஸ் மேட்டர் மேடம். அவங்களுக்குள்ளயே பேசிக்கட்டும்."

சுவர், ஜன்னல், குழாய் அளவுகளை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பினோம்.

மூன்றாம் நாள் காலை ரேவதியிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. ராஜாத்தி கொடியில் துணி காயப் போடுகிறார். அவர் முழங்கைக்குப் பக்கத்துத் தூணில் சாக்பீஸில் ஒரு கோடு. கீழே, 'அத்தை அளவு 42 இஞ்ச். இதையே எடுத்துக்குங்கக்கா' என்று எழுதியிருந்தாள்.

அன்று மத்தியானமே ராஜாத்தி டவுன் பஸ் பிடித்து நேரில் வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு பாவாடை நாடாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு முடிச்சு.

"மருமவ அளவு. நைட் ஷிப்டு முடிச்சு வந்து பகல்ல அசந்து தூங்குனா. குதிகால்லேருந்து மொழங்க வரைக்கும் புடிச்சிட்டேன். மேடைய இந்த ஒசரத்துக்கே போட்டுடுங்க."

அளந்தால் முப்பத்தேழு. அழகர்சாமி அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்.

"ஏம்மா, உங்க முழங்கையையே குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் முகத்தில் விளையாட்டு நின்றது. "நாங்க காவேரிப்பட்டினத்து ஜனம், எல்லாம் ஒசரம். இப்ப இருக்கற வீட்டு மேடை எங்க மாமியாளுக்குக் கட்டுனது. அவங்க இம்மாத்தூண்டு இருப்பாங்க. முப்பத்திரெண்டு வருசமா குனிஞ்சே ஆக்கிப் போட்டேன் பாயம்மா. நிமிர்ந்தா இப்ப நடு முதுவு புடிச்சுக்குது. புது வீட்ல எனக்குன்னு ஒரு மேடை போட்டா, இன்னும் முப்பது வருசத்துக்கு நீயே ஆக்குன்னு சொன்ன மாதிரி ஆவுதுல்ல?"

அவர் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் ரேவதி வந்தாள், கழுத்தில் ஃபேக்டரி அடையாள அட்டையோடு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அத்த வந்தாங்களாக்கா? என் அளவ குடுத்துட்டாங்களா?"

"குடுத்தாங்க."

"அக்கா, அடுத்த மாசம் என்னை லைன் லீடர் ஆக்கறாங்க. நாப்பது பொண்ணுங்க என் லைன்ல. கிரகப்பிரவேசம் ஆனதும் நான் சமையல்கட்டுப் பக்கமே வரமாட்டேன்னு அத்த சொல்லிட்டாங்க. அதுக்கு அவரு என்னா சொல்றாரு தெரியுமா? அப்ப நீ வேலைய விட்ருன்னு சொல்றாரு. மேடை என் ஒசரத்துக்கு வந்துச்சுன்னா, உனக்குன்னே கட்டுனது, நின்னு ஆக்குன்னுவாங்க. என் வேல போயிரும்கா."

அவள் கண் கலங்கவில்லை. கோபத்தில்தான் இருந்தாள். அவள் போனபிறகு எனக்கும் அந்தக் கோபம் தொற்றிக்கொண்டது. மாமியார் மேலும் இல்லை, மருமகள் மேலும் இல்லை. லேடீஸ் மேட்டர் என்று ஜன்னலில் சாய்ந்துகொண்டிருந்த ஆள் மேல்தான்.

அந்த ஆளே சாயங்காலம் போன் செய்தார்.

"என்ன மேடம், இன்னும் கட்டிங்கே ஆரம்பிக்கலையாமே? இதுல என்ன டிலே? ரெண்டு பேர் அளவையும் கூட்டுங்க, ரெண்டால வகுங்க. ஆவரேஜ். மேட்டர் ஓவர். எங்க கம்பெனில ஒரு நாளைக்கு நூறு முடிவு இப்பிடி எடுக்கறேன்."

கூட்டி வகுத்துப் பார்த்தேன். முழங்கை முப்பத்தொன்பதரை, மேடை முப்பத்துநாலரை.

"என்னத்தா இது?" என்றார் அழகர்சாமி அண்ணன். மதுரைப் பக்கத்துக்காரர், ஓசூருக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. "அந்தம்மாவும் குனியணும், இந்தப் புள்ளையும் கையத் தூக்கணும். ரெண்டு பேருக்கும் ஆகாத மேடையச் செஞ்சுபுட்டு எங்கிட்டுப் போயி நம்ம பேரச் சொல்றது?"

அவர் சொன்னது சரி. தாளைக் கசக்கப் போனவள், நோட்டைப் புரட்டினேன். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் திண்டின் உயரம் முப்பத்தொன்பதரை என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். ஹரீஷ்குமார் அதில் முழங்கையை ஊன்றி நின்றது ஞாபகம் வந்தது. தோள் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை; அவர் முழங்கை உயரமே அதுதான். அரை மணி நேரம் அவ்வளவு சொகுசாக நின்றார் மனுஷன்.

நோட்டை அண்ணனிடம் காட்டினேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"ஆத்தாடி! நீ நல்லாவே இருக்க மாட்ட" என்றார், மிகுந்த பாசத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் புது வீட்டுக்கு வரச் சொன்னோம். அண்ணன் இரண்டு பெட்டிகளை வைத்து, அடியில் கட்டைகள் செருகி, மேலே ஒரு பலகையைப் போட்டு, சரியாக முப்பத்துநாலரை அங்குலத்துக்கு ஒரு மாதிரி மேடை அமைத்திருந்தார். நான் வரும் வழியில் வெங்காயமும் கத்தியும் வாங்கி வந்திருந்தேன்.

"ஆவரேஜ் உங்க ஐடியா. நீங்களே செக் பண்ணிச் சொல்லுங்க சார். தரம் பாக்கறவர் நீங்கதானே?" என்றேன்.

அவருக்கு அது பிடித்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெங்காயத்தை நறுக்கினார். ஒன்று, இரண்டு. கங்கப்பனையும் கூப்பிட்டு நறுக்கச் சொன்னார். அவரும் நறுக்கினார். அப்பனும் மகனும் அக்கம்பக்கமாக நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு வெங்காயம் நறுக்கிய காட்சியை ராஜாத்தியும் ரேவதியும் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அரை எம்எம்கூட மாத்தத் தேவையில்ல மேடம். கையும் வலிக்கல, முதுகும் வலிக்கல. ஓகே பண்ணிடுங்க" என்றார் ஹரீஷ்குமார்.

ஆர்டர் தாளை நீட்டினேன். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார். சமைப்பவர்ங்கற எடத்துல உங்க பேரு இருக்கு. முழங்கை அளவும் உங்களதுதான்."

அவர் படித்தார். சத்தமாகச் சிரித்தார். "நல்லா காமெடி பண்றீங்க மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மகன் சிரித்ததைப் பார்த்துக் கங்கப்பனும் சிரித்தார்.

"அக்கா, அந்தத் தாள்ல எனக்கு ஒரு காப்பி" என்று ரேவதி என் காதருகே கேட்டாள்.

கிரகப்பிரவேசத்துக்கு நாங்களும் போயிருந்தோம். கிரானைட் ஏற்றி, கதவுகளெல்லாம் சத்தமில்லாமல் மூடும் கீல்களோடு சமையலறை பளபளவென்று இருந்தது. பால் காய்ச்சியதோடு சரி. மறுநாளே ராஜாத்தி, "குனிய முடியலடா, நடு முதுவு விண்ணுங்குது" என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். ரேவதி, "தோள் புடிச்சிடுச்சுங்க, கை தூக்க வரல" என்றாளாம். இரண்டும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது, அந்த மேடையின் உயரம் அப்படி. நான்கு நாள் ஹோட்டல் சாப்பாட்டில் கங்கப்பனுக்கு வயிறு கெட்டது. ஐந்தாம் நாள் ஃபிரிட்ஜ் கதவில் ஆர்டர் தாளின் நகல் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்ததாம். இத்தனையும் ராஜாத்தியே எனக்குப் போன் போட்டு, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கச் சொன்னவை.

ஹரீஷ்குமார் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளூர பயமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். விதியை நான் மீறவில்லை, எழுத்துப்படி எல்லாம் சரி. ஆனாலும் வேண்டுமென்றே ஒரு குடும்பத்தின் சமையலை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டால் இந்தக் குறும்பெல்லாம் எதற்கு என்று இரண்டு வாரம் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குப் போன் போட்டுக் கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஹரீஷ்குமாரின் பெயர் போனில் வந்தது. அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எது வந்தாலும் பங்குக்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

"மேடம், உங்க வேலைல ஒரு டிஃபெக்ட்" என்றார். குரல் கடுகடுவென்று இருந்தது.

"சொல்லுங்க சார்."

"சாமான் தட்ட சிங்க் பக்கம் போட்டிருக்கீங்க. அடுப்புல வெங்காயம் வதங்கறப்ப மொளகாத்தூள் எடுக்கணும்னா கரண்டிய விட்டுட்டு அங்க ஓட வேண்டியதா இருக்கு. திரும்பி வர்றதுக்குள்ள அடி புடிச்சுக்குது. டிசைன் பண்றப்ப இதையெல்லாம் யோசிக்க மாட்டீங்களா? அடுப்புக்கு வலது கைப் பக்கம் ஒரு சின்னத் தட்டு வேணும். இன்னிக்கே ஆள் அனுப்புங்க."

பின்னாலிருந்து ராஜாத்தியின் குரல் கேட்டது: "டேய், பருப்பு பொங்குது பாரு!"

அண்ணன் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வந்த சிரிப்பை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"நாளைக்குக் காலைல வந்து போட்டுத் தரேன் சார். இன்னிக்கு ஒரு நாள் சமாளிச்சுக்க மாட்டீங்களா?"

"முடியாது மேடம்" என்றார் ஹரீஷ்குமார். கடாயில் எதையோ வேகமாகக் கிளறுகிற சத்தம் கேட்டது. "நான் ரெண்டு மணிக்கு ஷிப்டுக்குப் போவணும். அதுக்குள்ள எல்லாம் ரெடி ஆவணும். ரேவதி காலைல அஞ்சரைக்கே போயிட்டா, நாப்பது பேர மேய்ச்சுட்டு வரப்போறா. வரும்போது பசியோட வருவா."